பர்கர் கொழுப்பும் பாகூர் வண்டி மாடும்

பர்கர் என்றவுடன் ரொட்டி, வெங்காயம், சீஸ் எல்லாம் கண்முன் வரும். ஆனால் அதன் உயிர் நடுவில் இருக்கும் வட்டமான கறித்தட்டில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'பேட்டி' (அமைச்சர்கள் கொடுப்பது வேறு பேட்டி!). அமெரிக்கக் கசாப்புக் கடைகளில் இதற்கான மாட்டுக் கைமாவை விகிதம் போட்டு விற்கிறார்கள். பர்கருக்குப் பேர்போன விகிதம் 80-க்கு 20. அதாவது நூறு பங்கில் எண்பது சதை, இருபது கொழுப்பு. இந்தக் கைமா பச்சையாக 100 கிராம் எடுத்தால் அதில் சுமார் 254 கலோரி, 17 கிராம் புரதம், 20 கிராம் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்று கணக்குப் போட்டால், மொத்தக் கலோரியில் 180 கொழுப்பிலிருந்தே வருகிறது!

இவ்வளவு கொழுப்பு எதற்கு? கைமாவை அழுத்தித் தட்டி நெருப்பில் போட்டால் சதையில் உள்ள புரதம் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். கொழுப்பு இல்லாவிட்டால் மிஞ்சுவது உலர்ந்த வறட்டி. கொழுப்பு இருந்தால் அது உருகிச் சதைத் துணுக்குகளுக்கு நடுவே ஓடி, அவை ஒன்றோடொன்று இறுகிப்போகாமல் தடுக்கிறது. மாட்டுக்கறிக்கே உரிய மணத்தில் பெரும்பகுதியும் கொழுப்பிலிருந்துதான் கிடைக்கிறது. ஆக, பர்கரின் கதை என்பது உண்மையில் கொழுப்பின் கதை.

சரி, புதுச்சேரிக்கு வருவோம். அதன் கிராமப்புறக் கொம்யூன்களான வில்லியனூரிலும் பாகூரிலும் மாட்டுக்கறி புதிய சரக்கல்ல. 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே அதைச் சாப்பிட்டவர்கள் இங்கே இருந்தார்கள். பிறகு, இடையிடையே ஆங்கிலேயரிடமும் டச்சுக்காரர்களிடமும் கைமாறினாலும், ஏறத்தாழ 280 ஆண்டுகள் மாட்டுக்கறியை விரும்பிச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களின் உறவு. இரண்டும் இருந்தும் கொழுப்பு வழியும் கறித்தட்டு இந்த ஊர் அடுப்பில் ஏன் பிறக்கவில்லை? சாதி, மதம் என்று உடனே பதில் சொல்லிவிடலாம். அது பாதி பதில்தான். மீதிப் பாதி மாட்டின் உடம்பிலேயே இருக்கிறது.

தமிழுக்குக் கொழுத்த மாடு தெரியாமல் இல்லை. அகநானூற்றின் 129-ஆம் பாடலிலும் 309-ஆம் பாடலிலும் மழவர்கள் வருகிறார்கள். ஆநிரை கவர்ந்து, கொழுத்த பசுவைத் தின்றவர்கள் என்றே அவர்கள் பேசப்படுகிறார்கள். இரண்டு இடத்திலும் புலவர் மறக்காமல் சொல்வது அந்த மாட்டின் கொழுப்பை! புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு, இன்றைய திண்டிவனம், மரக்காணம் பகுதி. அந்த நாட்டு வேலூரில் (இப்போதைய வேலூர் நகரம் அல்ல) எயினர் வீட்டுப் பெண்கள் பாணர்களுக்குப் புளி சேர்த்த சூடான சோற்றையும், ஆமான் என்னும் காட்டு மாட்டின் சுட்ட கறியையும் கொடுப்பார்கள் என்று அந்த நூல் கூறுகிறது. நெருப்பில் வாட்டிச் சாப்பிடும் அளவுக்கு அந்தக் கறி இளசாகவும் கொழுப்பாகவும் இருந்திருக்க வேண்டும்.

அதே காலத்தை ஒட்டி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு ரோமானியரோடு வாணிபம் செய்துகொண்டிருந்தது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். கிடைத்த ஜாடித் துண்டுகளில் ஒயின், ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகளோடு, ரோமானியர்கள் உயிரையே வைத்திருந்த 'காரும்' என்ற மீன் சாறு வந்த ஜாடிகளும் இருந்தன. சுவாரசியமான விஷயம் என்னவென்றால், அபீசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் பர்கரின் முப்பாட்டன் என்று சொல்லத்தக்க ஒரு பண்டம் இருக்கிறது. கைமாவோடு ஒயினில் ஊறிய ரொட்டி, மிளகு, மீன் சாறு சேர்த்து இடித்துத் தட்டையாக உருட்டி, குடலைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வில் பொதிந்து சமைப்பார்கள். மிளகு நம் நாட்டிலிருந்து போன சரக்கு. கறியில் கொழுப்பு போதாவிட்டால் வெளியிலிருந்து கொழுப்புச் சட்டை போட்டுவிடு என்ற அந்தத் தந்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதற்குப் பிறகு மாட்டின் வேலை மாறியது. பாகூர் ஏரி நெல்லுக்குப் பேர்போனது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை மானியமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. நெல் இப்படி விளைய வேண்டுமென்றால் ஏர் உழ மாடு, கவலை இறைக்க மாடு, போரடிக்க மாடு, செக்கு சுற்ற மாடு, வண்டி இழுக்க மாடு! இந்த ஊர்களில் மாடு என்பது இன்றைய டிராக்டரும் மோட்டாரும் லாரியும் சேர்ந்த ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் டிராக்டரை யாரும் பிரித்து விற்கமாட்டார்கள் அல்லவா? பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்து ஓய்ந்த பிறகுதான் ஒரு எருது கறியாகும் பேச்சே வரும்.

அப்படி ஓய்ந்த எருதின் உடம்பில் கொழுப்பு எங்கே இருக்கும்? அதன் தீனி வைக்கோலும் வரப்புப் புல்லும். நெல் வைக்கோலில் சத்து மிகக் குறைவு. கிடைத்ததெல்லாம் உழைப்பில் எரிந்துவிடும். போதாததற்குத் திமில் உள்ள நம் நாட்டு இனங்களுக்குச் சதைக்கு நடுவே கொழுப்பு படியும் தன்மை ஐரோப்பிய இனங்களைவிடக் குறைவு. (திமிலில் மட்டும் கொஞ்சம் படியும். பிரேசில்காரர்கள் அந்தத் திமிலைத் தனியாக வாட்டி ரசித்துச் சாப்பிடுகிறார்கள். அந்த மாடுகளின் மூதாதைகள் இந்தியாவிலிருந்து போனவைதான்!) வயது ஏற ஏறச் சதையைக் கட்டும் கொலாஜன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும். இந்தக் கறியைத் தட்டி இரண்டு நிமிடம் வாட்டினால் பல்தான் போகும். மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். அல்லது உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போட வேண்டும். கொழுப்பு இருந்தால் உப்புக்கண்டம் காறிப்போகும். கொழுப்பில்லாத கறிக்கு ஏற்ற சேமிப்பு முறை அது.

இந்தக் கறி யாருக்குப் போனது என்பதில்தான் வரலாற்றின் கசப்பு இருக்கிறது. ஊரில் செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலை ஒடுக்கப்பட்ட மக்களின் தலையில் சுமத்தப்பட்டது. கூலிக்குப் பதில் கறி. பிறகு அந்தக் கறியைத் தின்பதையே காரணம் காட்டி அவர்களைத் தள்ளி வைத்தார்கள். மாட்டின் உழைப்பில் வந்த நெல் ஒருவருக்கு, உழைத்து ஓய்ந்த மாடு இன்னொருவருக்கு, பழியும் அந்த இன்னொருவருக்கே!

ஐரோப்பியர் வந்தபோது இந்தப் பழி அவர்கள் மீதும் ஒட்டிக்கொண்டது. 'பரங்கி' என்றால் மாடு தின்பவன், குடிப்பவன் என்று பொருள். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி இதற்காகவே தன்னைப் பரங்கி அல்ல என்று சொல்லிக்கொண்டு, புலால் துறந்து சந்நியாசி கோலம் பூண்டார். புதுச்சேரியிலிருந்து இயங்கிய இயேசு சபைக் குருமார்களும் உள்நாட்டில் அதே வழியைப் பின்பற்றினர். பறையர் வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள் என்று, சாகக் கிடந்த பறையர் கிறிஸ்தவர்களின் வீட்டுக்குள்ளும் போகாமல் இருந்தார்கள். இதை விசாரிக்கப் போப்பாண்டவரின் தூதர் 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். 1704-ல் அவர் பிறப்பித்த ஆணை, நோயாளிகளின் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று சொன்னது. பல ஆண்டுகள் ரோமையே உலுக்கிய சர்ச்சை அது. தூதரின் பெயர் ஷார்ல் தொமா மையார் தெ தூர்னோன். கறியை வாட்டும்போது மேற்புறம் பழுப்பாகி மணம் வருகிறதே, அந்த வேதிவினைக்கு 'மையார் வினை' என்று பெயர். அது 1912-ல் அதை விவரித்த லூயி கமீய் மையார் என்ற வேறொரு மையாரின் பெயர். இருந்தாலும் நல்ல பொருத்தம்தான்!

படைகளுக்கும் மாடு இரண்டு விதத்தில் தேவைப்பட்டது. பீரங்கியை இழுக்க மாடு, ஐரோப்பியச் சிப்பாய்க்குச் சாப்பிட மாடு. 1752 செப்டம்பரில் பாகூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோதும் இதே நிலைதான். இதன் முழுக் கோரமும் 1760-ல் தெரிந்தது. வந்தவாசியில் தோற்ற லாலி புதுச்சேரிக்குள் ஒடுங்கினார். மைசூர்ப் படை தானியமும் மாடுகளும் கொண்டுவரும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் ஜூலையில் அயர் கூட் வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்துவிட்டார். மேற்கேயிருந்து நகரத்துக்குத் தீனி வரும் வாசல் வில்லியனூர். அது மூடியதும் பஞ்சம் ஆரம்பித்தது. நவம்பரில், உணவு மிச்சமாகட்டும் என்று சுமார் 1,400 உள்ளூர் மக்களை லாலி வெளியேற்றினார். ஆங்கிலேயரும் முதலில் வழிவிடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே அவர்கள் நாட்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கடைசியில் யானை, குதிரை, ஒட்டகம், நாய் வரை தின்றார்கள். 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது.

அமைதிக் காலத்தில் பிரெஞ்சு வீட்டுச் சமையலறையில் நின்றவர் யார்? புதுச்சேரித் தமிழில் அந்த அறைக்குப் பெயர் 'குசினி'. மாட்டுக்கறியைத் தொட மற்றச் சாதியார் மறுத்ததால், ஐரோப்பியர்களின் சமையற்காரர்கள் பெரும்பாலும் பறையர்கள் என்று, 1792-ல் இந்தியா வந்து புதுச்சேரி மிஷனில் சேர்ந்த அபே துபுவா எழுதியிருக்கிறார். துரைக்கு ஊரிலுள்ள நினைப்பில் வாட்டிய மாட்டுக்கறி வேண்டும். குசினிக்காரருக்குக் கிடைப்பதோ வண்டி மாட்டுக்கறி. இந்த இரண்டுக்கும் நடுவே பிறந்ததுதான் புதுச்சேரிக் கிரெயோல் சமையல் என்று தாராளமாகச் சொல்லலாம். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த, காடியும் பூண்டும் சேர்ந்த 'வெந்தாய்'. தேங்காய்ப்பாலில் வெந்து எலுமிச்சை பிழிந்த 'அசாத்'. பிரெஞ்சு முறைக் கைமா உருண்டையான 'பூலேத்'... கவனித்தால் எல்லாமே கடினமான, கொழுப்பில்லாத கறிக்கு ஏற்ற வழிகள். ஒன்று, புளிப்பில் ஊறவை. அல்லது நெடுநேரம் வேகவை. அல்லது பொடியாகக் கொத்து. கொத்திய பிறகு தேங்காயோ முட்டையோ ரொட்டியோ சேர்த்து ஈரத்தைக் காப்பாற்று. பிறகு பிரெஞ்சு வேலையில் சைகோன் போய்வந்த புதுச்சேரிக் குடும்பங்கள் கைமாவை மெல்லிய தாளில் சுருட்டிப் பொரிக்கும் 'சாயோ'வைக் கொண்டுவந்தன. ரோமானியரின் அதே சட்டை போடும் தந்திரம்!

உண்மையில் பர்கரும் இதே கஷ்டத்தில் பிறந்ததுதான். கொத்திப் போட்டால் கொலாஜன் நார் அறுந்துவிடும், கடினக் கறியும் மெல்லக்கூடியதாகும். ஜெர்மனியின் ஹாம்பர்க் பெயரைத் தாங்கிய கொத்துக்கறி 19-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்களோடு அமெரிக்கா போனது. கையால் சுற்றும் கறி அரைக்கும் இயந்திரம் வந்தபின் மலிவானது. 1921-ல் விசிட்டா நகரில் தொடங்கிய 'வைட் காசில்' அதைச் சங்கிலிக் கடைப் பண்டமாக்கியது. இன்றும் அமெரிக்கக் கைமாவில் சேரும் சதையில் கணிசமான பகுதி, கறவை ஓய்ந்த பண்ணைப் பசுக்களின் சதை. அதாவது அதுவும் ஓய்ந்த மாடுதான்! வித்தியாசம் ஒன்றே ஒன்று. மக்காச்சோளம் தின்று கொழுத்து, இரண்டு வயதுக்குள் வெட்டப்படும் இளங்காளைகளின் கொழுப்புக் கழிவை அதோடு கலந்து 80-க்கு 20 ஆக்குகிறார்கள். பாகூரில் இல்லாமல் போனது சதை அல்ல. மாட்டுக்குப் போட மிச்சத் தானியமும், அதைத் தின்று கொழுத்த காளையும்தான். மனிதனுக்கே சோறு போதாத ஊரில் கன்றுக்குட்டிக்குச் சோளம் கொட்டிக் கொழுக்க வைக்க யாரால் முடியும்?

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமும் இதே கணக்கைத்தான் எழுதியது. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 1962-ல் சட்டப்படி இணைப்பு முழுமையானது. 1968-ல் புதுச்சேரிப் பசுவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பசு, கிடாரி, கன்று இவற்றை வெட்ட முழுத் தடை. பசு இறைச்சி விற்கவும் தடை. காளை, எருது மட்டும் 15 வயதைக் கடந்திருந்தாலோ, உழைக்கவும் இனவிருத்திக்கும் நிரந்தரமாகத் தகுதியிழந்திருந்தாலோ சான்றிதழ் பெற்று வெட்டலாம். பயனற்றுப்போன காளைகளை வெட்டவும் முழுத் தடை போடுவது செல்லாது என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததன் எதிரொலி இது. (2005-ல் அதே நீதிமன்றம் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டது.) 15 வயது எருது! பர்கருக்கு இதைவிட ஒவ்வாத கறியைத் தேடினாலும் கிடைக்காது.

இந்தியாவில் மாட்டுக்கறி என்ற பெயரில் பெருமளவு புழங்குவது எருமைக்கறி. 100 கிராம் எருமைச் சதையில் சுமார் 20 கிராம் புரதம், கொழுப்பு ஒன்றரை கிராம்கூட இல்லை, கலோரி நூறுக்குள். உடம்புக்கு இது 80-க்கு 20 கைமாவைவிட நல்ல சரக்கு. அந்தக் கைமாவில் 100 கிராமுக்கு ஏழரை கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அது போகக்கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, 2,000 கலோரி சாப்பிடுபவரின் ஒரு நாள் உச்சவரம்பு சுமார் 22 கிராம். மாட்டுக்கறியின் பெருமை இரும்புச்சத்திலும் பி-12 வைட்டமினிலும் இருக்கிறது. கறியில் உள்ள 'ஹீம்' இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பில் சேரும். கீரையின் இரும்பு அந்த அளவுக்குச் சேராது. இவையெல்லாம் சதையில் இருப்பவை, கொழுப்பில் அல்ல. ஓய்ந்த மாட்டின் கறியைத் தின்றதற்காக இழிவு செய்யப்பட்ட மக்களின் தட்டில்தான், ஊரிலேயே நல்ல இரும்பு இருந்தது.

கொழுப்பில்லாத இந்தக் கறியில் பேட்டி செய்ய நினைப்பவருக்குத் தமிழ்நாட்டுக் கோலா உருண்டையே வழி காட்டுகிறது. அரைத்த பொட்டுக்கடலை கறியிலிருந்து வெளியேறும் சாற்றைப் பிடித்துவைக்கும். துருவிய தேங்காய் கொழுப்பைத் தரும். வதக்கிய சின்ன வெங்காயம் ஈரம் தரும். உப்பை முன்கூட்டியே பிசையக்கூடாது. பிசைந்தால் புரதம் ஒட்டிக்கொண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். தட்டியபின் நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம் வைத்தால் வேகும்போது உப்பாது. கொழுப்புக் கைமா என்றால் வேறு கதை. 113 கிராம் பேட்டி வெந்தபின் 80, 85 கிராமாகச் சுருங்கும், அதிலிருந்த கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு உருகிக் கல்லில் ஓடிவிடும்.

எந்தக் கைமாவானாலும் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில் இருக்கும், வாட்டினால் சாகும். அரைக்கும்போது அதுவே உள்ளே கலந்துவிடும். 1993-ல் அமெரிக்காவில் 'ஜாக் இன் த பாக்ஸ்' கடைகளின் அரைவேக்காட்டு பர்கரில் இருந்த ஈ.கோலை கிருமியால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, நான்கு குழந்தைகள் இறந்தார்கள். குசினிக்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் வண்டி மாட்டுக்கறியை அரைவேக்காட்டில் இறக்க அவர்களால் முடிந்திருக்கவும் முடியாது.

இப்போது பாகூர் வயலில் டிராக்டர் உழுகிறது. வண்டி மாடு அரிதாகிவிட்டது. பால் கூட்டுறவுக்கு ஊற்றக் கலப்பினப் பசுக்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் பாதிக்குப் பாதி காளைக்கன்று பிறக்கிறது. ஏரும் இல்லை, வண்டியும் இல்லை, அந்தக் கன்றுக்கு வேலையும் இல்லை. கொழுக்க வைக்கத் தீனியும் இல்லை, வெட்டச் சட்டமும் இல்லை. 2017 மே மாதம் மாட்டுச் சந்தைகளில் வெட்டுக்காக விற்பதைத் தடுத்து மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, சில நாட்களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. அந்த வாரங்களில் சாப்பிடும் உரிமை பற்றி நிறையப் பேசினார்கள். கன்றுக்கு யார் தீனி போடுவது என்பதைப் பால்காரர்கள் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.